குரோஃப்டா வாங்கினால் தண்ணீர் மிச்சமாகுமா? கிராஃப்ட் ஆலைகளுக்கான பேக் வாட்டர் தெளிவிப்பான்: ஒரு மதிப்பீடு

பழைய அட்டைப்பெட்டியைக் கூழாக்கிக் கிராஃப்ட் காகிதம் ஓட்டும் ஆலைகளில் குரோஃப்டா என்றால் எல்லாருக்கும் தெரியும். வட்டத் தொட்டி, அதன் விளிம்பில் மெல்லச் சுற்றிவரும் ஒரு வண்டி, மேலே தயிர் ஆடை போல மிதக்கும் கூழ். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லெனாக்ஸ் என்ற ஊரிலிருந்து மிலோஷ் குரோஃப்டா என்ற பொறியாளர் நடத்திய நிறுவனத்தின் பெயர் அது. இன்று யார் செய்து கொடுத்தாலும் ஆலைக்காரர் வாயில் அது குரோஃப்டாதான். இங்கே மதிப்பிடுவது ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் கருவியை அல்ல. காகித மெஷினிலிருந்து வடிந்து வரும் நார் கலந்த தண்ணீரை, அதாவது பேக் வாட்டரை, தெளியவைக்க, கரைந்த காற்றால் நாரை மிதக்கவைத்துப் பிரிக்கும், ஆழம் குறைந்த தெளிவிப்பான் என்ற வகையையே எடுத்துக்கொள்கிறோம். அளவு மணிக்கு 60 கன மீட்டர். நாளுக்கு 100 டன் ஓட்டும் ஆலைக்கு இது பொருந்தும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கருவி நல்லது, வாங்கலாம். ஆனால் இது தண்ணீரைத் தெளியவைப்பதோடு நின்றுவிடும். போர்வெல் தண்ணீர் மிச்சமாவது, தெளிந்த தண்ணீர் மெஷினைக் கழுவும் ஷவருக்குப் போய், அங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நல்ல தண்ணீரின் வால்வு மூடப்படும்போதுதான். அந்தக் குழாயைப் போடாத ஆலைகளில் குரோஃப்டா வருஷக்கணக்காக ஓடும், கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர் கழிவுநீர் நிலையத்துக்குப் போகும், போர்வெல் மீட்டர் பழைய வேகத்திலேயே சுற்றும். நார் மட்டும் திரும்பக் கிடைக்கும்.

ஒரு கணக்கு போட்டால் இது விளங்கும். 100 டன் ஆலை, டன்னுக்கு 15 கன மீட்டர் நல்ல தண்ணீர் எடுக்கிறது என்று வையுங்கள். நாளுக்கு 1,500. இதில் வாக்குவம் பம்புகளின் உள் இடைவெளியை அடைக்க விடும் சீல் தண்ணீர் 430 போகும் (மணிக்கு 6 கன மீட்டர் வீதம் மூன்று பம்பு). மீதி 1,070 மெஷினுக்கும் கூழுக்கும். தண்ணீரைப் பிழியும் பிரஸ்ஸைத் தாண்டும்போது காகிதம் 42 சதவீதம் காய்ந்திருந்தால், 7 சதவீத ஈரத்தில் சுற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் டிரையரில் 1.2 டன் தண்ணீர் ஆவியாகும். ஆகவே 120 ஆவி, 950 வெளியே வழியும் பேக் வாட்டர். மணிக்கு 40 கன மீட்டர். அதில் லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் நாரும் தூளும் இருந்தால் மணிக்கு 60 கிலோ சாக்கடைக்குப் போகிறது. நாளுக்கு 1.4 டன். குரோஃப்டா 1,500-ஐ 50-க்கு இறக்கினால் இதில் ஏறக்குறைய எல்லாமே திரும்பிவிடும்.

விற்பவர்கள் இந்த 1.4 டன்னை வைத்துத்தான் கருவியின் விலை எத்தனை மாதத்தில் திரும்பும் என்று கணக்குக் காட்டுவார்கள். அதை அப்படியே ஏற்க வேண்டாம். திரும்பி வருவதில் நீள நார் குறைவு. பொடி நாரும், பழைய காகிதத்திலிருந்து வந்த சுண்ணாம்பு, களிமண் போன்ற நிரப்பியும்தான் அதிகம். வழியும் தண்ணீரை வடிகட்டிக் கிடைத்த கசடை லேபில் 525 டிகிரியில் எரித்துச் சாம்பல் எடையைப் பாருங்கள். சாம்பல் 40 சதவீதம் என்றால் உங்கள் 1.4 டன்னில் நார் 0.85 டன்தான்.

வாங்குவதற்கு முன்னால்

நார் கலந்த பேக் வாட்டரைத் தெளியவைக்காமலே வாங்கிக்கொள்ளும் இடங்கள் ஆலையில் இருக்கின்றன. முதலில் பல்பர், அதாவது பழைய காகிதத்தைக் கலக்கிக் கூழாக்கும் தொட்டி. நாளுக்கு 100 டன்னை 4 சதவீதக் கூழாகக் கலக்க 2,400 கன மீட்டர் தண்ணீர் வேண்டும். அதில் ஒரு சொட்டுக்கூட நல்ல தண்ணீராக இருக்கத் தேவையில்லை. அடுத்து மணலைப் பிரிக்கும் சென்ட்ரி கிளீனருக்கு முன்னால் கூழில் தண்ணீர் கலக்கும் இடம், செஸ்ட் எனும் கூழ்த் தொட்டிகளில் கெட்டியைச் சீராக்கும் கன்சிஸ்டன்சி வால்வு, மெஷினுக்கு அடியில் அறுந்த காகிதம் விழும் கவுச் பிட், தரை கழுவும் ஓஸ். இந்த இடங்களில் நல்ல தண்ணீர்க் குழாய் இன்னும் இணைந்திருக்கிறதா என்று ஒரு முழு ஷிப்ட் கூடவே நடந்து பார்க்க வேண்டும். வரைபடத்தில் இல்லாத ஒன்றரை அங்குலக் குழாய்கள் எப்போதும் அகப்படும். மெஷின் தொடங்கும்போது வசதிக்காகப் போட்டது, பிறகு யாரும் கழற்றாதது. கழற்றி, வாயை மூடும் பிளைண்ட் தகடு அடித்துவிடுங்கள். வால்வை மூடி வைத்தால் போதாது. இரவு ஷிப்டில் திறந்துவிடுவார்கள்.

அடுத்தது சீல் தண்ணீர். மேலே சொன்ன 430 கன மீட்டரை ஒரு தொட்டி, ஒரு சின்ன கூலிங் டவர், ஒரு ஸ்டிரெய்னர் வைத்துச் சுற்றவிட்டால் ஆவிக்கும் வடிப்புக்கும் சேர்த்து 40, 45 கன மீட்டர்தான் புதிதாக வேண்டும். குரோஃப்டாவைவிட மலிவான வேலை இது. இதைச் செய்யாமல் குரோஃப்டாவுக்குப் போவது வரிசை மாறிய செலவு. குரோஃப்டாவின் தெளிந்த தண்ணீரைச் சீல் தண்ணீராகக் கொடுக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. கொடுக்கக் கூடாது. தண்ணீர் சூடாக இருந்தால் பம்பின் வாக்குவம் விழும். கரைந்த சுண்ணாம்பு ரோட்டரில் படிந்து இடைவெளியை அடைக்கும். மிச்சமிருக்கும் பொடி மணல் பிளேட்டை அரிக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது

மணிக்கு 60 கன மீட்டர் வாங்கும் தொட்டிக்குச் சுமார் 3.3 மீட்டர் விட்டம், அரை மீட்டர்தான் தண்ணீர் ஆழம். தண்ணீர் உள்ளே நிற்பது நான்கு நிமிடம் சொச்சம். பழைய ஆழத் தொட்டிகளில் இதே வேலைக்கு 20, 30 நிமிடம் ஆகும். இவ்வளவு சீக்கிரம் பிரிவதற்குக் காரணம் அந்தச் சுற்றும் வண்டி. தண்ணீர் எந்த வேகத்தில் உள்ளே வருகிறதோ, அதே வேகத்தில் வண்டியிலுள்ள நுழைவாயில் பின்னோக்கி நகர்கிறது. ஆகவே தொட்டிக்குள் விழுந்த தண்ணீர் அந்த இடத்திலேயே அசையாமல் நிற்கும், குமிழி நேராக மேலே ஏறும். வண்டி ஒரு சுற்று வருவதற்குள் பிரிந்து முடிந்துவிடும். மேலே திரண்டதைச் சுருள் ஸ்கூப் அள்ளி நடுக்குழாயில் போடும்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டால் முதல் பழுது தானே தெரியும். உள்ளே வரும் அளவு 60-லிருந்து 35-க்கு இறங்கியிருக்கும். வண்டி மட்டும் பழைய வேகத்தில் ஓடும். அப்போது தண்ணீர் அசையாமல் நிற்காது. வண்டி கலக்கிக்கொண்டே போகும், திரண்ட கூழ் உடைந்து கீழே இறங்கும். ஆகவே வண்டி மோட்டாருக்கு வேகம் மாற்றும் டிரைவ் கட்டாயம் வேண்டும், உள்வரும் ஃபுளோ மீட்டரோடு அது இணைந்திருக்க வேண்டும். விலை குறைக்கும்போது முதலில் வெட்டப்படுவது இதுதான். விட்டுக்கொடுக்காதீர்கள்.

காற்றுப் பகுதிதான் இந்தக் கருவியின் உயிர், பெரும்பாலான தொல்லைகளும் இங்கேதான். தெளிந்த தண்ணீரில் கால் பங்கை, அதாவது மணிக்கு 15 கன மீட்டரை, 5 பார் அழுத்தத்துக்கு ஏற்றி, காற்றைக் கரைத்து, தொட்டி வாயிலில் திடீரென்று அழுத்தம் விடும்போது 30 முதல் 100 மைக்ரான் குமிழிகள் பிறக்கும். பேக் வாட்டர் 40 டிகிரியில் இருக்கும்போது இப்படிக் குமிழியாகும் காற்று மணிக்கு முக்கால் கன மீட்டர் அளவுதான். 60 கிலோ நாரைத் தூக்க அது போதும், ஆனால் தாராளம் கிடையாது. பம்பு தேய்ந்து அழுத்தம் 5-லிருந்து 3 பாருக்கு இறங்கினால் குமிழிக் காற்று 40 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். தண்ணீர் கலங்கியதும் ஆப்பரேட்டர் பாலிமரைக் கூட்டுவார். கூட்டினாலும் தெளியாது, ஏனென்றால் திரள் பெரிதாகி இன்னும் கனமாகும். தூக்கும் காற்று இல்லை. பாலிமர் வால்வைத் தொடுவதற்கு முன்னால் அழுத்த மானியைப் பார்க்க வேண்டும். அந்த மானியின் முள் ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒரு முறை வேறு மானி வைத்து ஒப்பிட வேண்டும்.

குமிழி சரியா என்று பார்க்க ஒரு எளிய சோதனை. காற்றேறிய தண்ணீர்க் குழாயின் சாம்பிள் வால்விலிருந்து ஒரு லிட்டர் அளவு உருளையில் பிடியுங்கள். பால் போல வெளுத்திருக்க வேண்டும். அடியிலிருந்து மெல்லத் தெளிந்து மேலே வர மூன்று, நான்கு நிமிடம் ஆக வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் தெளிந்துவிட்டால், அல்லது சோடாப் புட்டி மாதிரிப் பெரிய குமிழி எழுந்தால், காற்று கரையவில்லை. பெரிய குமிழி நாரைத் தூக்காது, திரண்டதை உடைக்கும். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். காற்று அளவுக்கு மேல் போகிறது. கரைக்கும் குழாயின் உள்ளே நுண்துளைத் தகடு அடைத்திருக்கிறது. இல்லையென்றால் அழுத்தம் விடும் வால்வு தொட்டியிலிருந்து தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. கடைசியது நிறுவும்போது செய்யும் பிழை. வால்வுக்கும் தொட்டிக்கும் நடுவே மூன்று மீட்டர் குழாய் இருந்தால் குமிழிகள் போகும் வழியிலேயே ஒன்றோடொன்று சேர்ந்து பருத்துவிடும். வால்வு தொட்டி வாயிலை ஒட்டியே இருக்க வேண்டும்.

கம்ப்ரசர் எண்ணெய் இல்லாத வகையாக இருக்கட்டும். காற்றோடு வரும் எண்ணெய் கடைசியில், பிரஸ்ஸில் காகிதத்தைத் தாங்கிச் செல்லும் ஃபெல்ட் துணியில்தான் போய் உட்காரும்.

வண்டியின் ரப்பர் சக்கரம், மேலே மின்சாரம் கடத்தும் வளையம், நடுவில் உள்ள சுழல் இணைப்பின் சீல் ஆகிய மூன்றும் தேயும் பாகங்கள். நடு சீல் கசிந்தால் கலங்கல் தண்ணீர் நேராகத் தெளிந்த தண்ணீரில் கலக்கும். எல்லாம் சரியாக ஓடுகிற மாதிரியே தெரியும், வெளியே மட்டும் 150, 200 மில்லிகிராம் காட்டும். பழைய பெட்டியில் மணலும் கண்ணாடித் துகளும் வருவதால் அடியில் படிவதை ஷிப்டுக்கு ஒரு முறை திறந்துவிட வேண்டும். தொட்டி எஸ்எஸ் 304 ஆக இருப்பது நல்லது. மைல்ட் ஸ்டீலுக்கு எப்பாக்சி பூசிக் கொடுப்பதை ஏற்க வேண்டாம். வண்டிச் சக்கரம் ஓடும் விளிம்பில்தான் பூச்சு முதலில் உரியும்.

பாலிமர்

கேட்டயானிக் பாலிஅக்ரிலமைடு ஒரு கன மீட்டருக்கு அரை கிராம் முதல் இரண்டு கிராம் வரை. ஒரு கிராம் என்றால் நம் 40 கன மீட்டருக்கு நாளுக்கு ஒரு கிலோதான் ஆகும். நீரில் கரைந்த குப்பை அதிகமுள்ள இடங்களில் முதலில் பாலி அலுமினியம் குளோரைடும் 20 முதல் 50 கிராம் வேண்டியிருக்கும். பாலிமரை 0.1 சதவீதத்தில், நல்ல தண்ணீரில், மெதுவாகச் சுற்றும் கலக்கியில், 45 நிமிடம் ஊறவிட வேண்டும். பேக் வாட்டரில் கரைத்தால் பாதி அங்கேயே செத்துப்போகும். மூட்டையைக் கவிழ்த்துக் கொட்டினால் மீன்கண் மாதிரி ஜெல்லி உருண்டைகள் வரும். அவை ஷவர் நாசிலை அடைக்கும், காகிதத்தில் கண்ணாடிப் புள்ளியாகத் தெரியும்.

அளவைத் தீர்மானிக்க விற்பனையாளரின் ஆள் வரக் காத்திருக்க வேண்டாம். 500 மில்லி பேக் வாட்டரை ஒரு லிட்டர் உருளையில் எடுத்து, 0.1 சதவீதக் கரைசலில் அரை மில்லி விடுங்கள். அதுதான் கன மீட்டருக்கு ஒரு கிராம். இரண்டு, மூன்று முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தி, கருவியின் காற்றேறிய தண்ணீர் 130 மில்லி சேருங்கள். இரண்டு நிமிடத்தில் மேலே கெட்டியான ஆடையும் கீழே தெளிவும் வர வேண்டும். கால் மில்லி, ஒரு மில்லி வைத்தும் பாருங்கள். தெளிவு கிடைக்கும் மிகக் குறைந்த அளவை எடுங்கள். மிஞ்சிய பாலிமர் ஷவர் வழியே ஃபெல்ட்டில் ஏறினால் ஃபெல்ட் வழவழத்துத் தண்ணீர் விடாது. அந்தப் பழி ஃபெல்ட் கம்பெனி மேல் விழும்.

வெளித் தண்ணீரை அளக்கும்போது 100 மில்லி வடிகட்டி எடை போடுகிறார்கள். 50 மில்லிகிராம் தண்ணீரில் 100 மில்லிக்குக் கிடைப்பது 5 மில்லிகிராம். ஆலை லேபின் தராசில் அது பிழைக்குள் அடங்கிவிடும். அரை லிட்டர் வடிகட்டி, 105 டிகிரியில் உலர்த்தி எடை போட்டால்தான் எண்ணை நம்பலாம்.

தெளிந்த தண்ணீர் எங்கே போக வேண்டும்

இங்கேதான் கருவியின் வெற்றி தோல்வி. 50 மில்லிகிராம் தண்ணீர் எல்லா ஷவருக்கும் ஆகாது. வயரின் (கூழிலிருந்து தண்ணீர் வடியும் வலை) ரிட்டர்ன் ரோலில் உள்ள தாழ் அழுத்த விசிறி ஷவர், பிரெஸ்ட் ரோல் ஷவர், நுரை அடக்கும் ஷவர், கவுச் பிட்டில் காகிதம் தள்ளும் நாக் ஆஃப் ஷவர், கூழை வயரில் பரப்பும் ஹெட்பாக்ஸின் உள்ஷவர் ஆகியவை வாங்கிக்கொள்ளும். நிபந்தனைகள் உண்டு. நாசில் துளை 3 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஷவர் குழாயின் உள்ளே கைப்பிடி சுற்றினால் துடைக்கும் பிரஷ் இருக்க வேண்டும். குழாய்க்கு முன்னால் 150 மைக்ரான் ஸ்டிரெய்னர் இரண்டு, ஒன்று ஓட மற்றது கழுவ. பிரஷ்ஷை ஷிப்டுக்கு இரண்டு முறை சுற்ற வேண்டும் என்பதை மெஷின்மேனின் வேலைப் பட்டியலில் எழுதிவிடுங்கள்.

ஃபெல்ட்டின் உயர் அழுத்த ஊசி ஷவருக்கும், ஓரம் வெட்டும் டிரிம் ஷவருக்கும், ரசாயனம் கரைக்கவும், பாய்லருக்கும் நல்ல தண்ணீர்தான். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஊசி ஷவரின் ஒரு மில்லிமீட்டர் நாசில் 20 பாரில் நிமிடத்துக்கு 2.4 லிட்டர் அளவு விடும். 30 நாசிலுக்கு மணிக்கு 4.3 கன மீட்டர், நாளுக்கு 100. இங்கே மிச்சம் பிடிக்க ஒரே வழி நாசிலை மாற்றுவது. துளை 1.2 மில்லிமீட்டராகத் தேய்ந்தால் தண்ணீர் 44 சதவீதம் கூடும், அடியின் கூர்மையும் போய்விடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை துளையை ஊசி கேஜ் விட்டுப் பாருங்கள்.

அடுத்துச் சொல்லப்போவதைப் பல ஆலைகள் கவனிப்பதே இல்லை. தெளிந்த தண்ணீர்த் தொட்டியின் மட்டம் குறைந்தால் ஷவர் நின்றுவிடக் கூடாதே என்று ஒரு நல்ல தண்ணீர்ப் பதில் வால்வு வைப்பார்கள். வைக்கத்தான் வேண்டும். ஆனால் அதன் மிதவை ஒட்டிக்கொண்டாலோ, யாராவது பைபாஸைத் திறந்துவிட்டாலோ, நல்ல தண்ணீர் தொட்டிக்குள் ஓடிக்கொண்டே இருக்கும், தொட்டி மறுபக்கம் வழிந்து கழிவுநீர் நிலையத்துக்குப் போகும். குரோஃப்டா போட்ட பிறகும் மீட்டர் குறையவில்லை என்ற குறைக்கு முக்கால்வாசி காரணம் இந்த ஒரு வால்வு. அதன்மேல் தனி மீட்டர் போட்டு, தினமும் காலையில் எண் எழுதுங்கள். மெஷினில் காகிதம் அறுந்த நாள் தவிர அந்த எண் அசையவே கூடாது.

காகிதம் அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் திட்டமிட வேண்டும். கவுச் பிட் நிரம்பி வழிந்து, பேக் வாட்டரில் நார் 4,000, 5,000 மில்லிகிராம் வரை எகிறும். அவ்வளவு நாரைத் தூக்கக் காற்று போதாது. ஆகவே குரோஃப்டாவுக்கு முன்னால் 20 முதல் 30 கன மீட்டர் இடைத் தொட்டி, உள்ளே மெதுவான கலக்கி. அதைவிட முக்கியம், அறுந்த காகிதக் கூழ் புரோக் செஸ்ட்டுக்குப் போக வழி வைப்பது.

எல்லாம் சரியாக நடந்தால், நம் கணக்கில் மணிக்கு 25 கன மீட்டர் நல்ல தண்ணீர் ஷவரிலிருந்து விடுபடும், நாளுக்கு 600. சீல் தண்ணீர்ச் சுற்றையும் சேர்த்தால் 1,500 என்பது ஏறக்குறைய 515 ஆகும். டன்னுக்கு 15 என்றிருந்தது 5-க்கு வந்துவிடும்.

திரும்பும் கூழ்

ஸ்கூப் அள்ளுவது 3 முதல் 5 சதவீதத்தில் இருக்கும். மிக்சிங் செஸ்ட்டுக்குச் சீராகப் போக வேண்டும். தொட்டியில் சேர்த்துவைத்து மொத்தமாகத் தள்ளினால் காகிதத்தின் எடை (ஜிஎஸ்எம்) ஆடும், வயரில் தண்ணீர் வடிவது குறையும். இரண்டு லேயர் ஓட்டுபவர்கள் அடி லேயருக்குக் கொடுங்கள். பிசினும் மெழுகும் நாரோடு மிதந்துதான் வரும், ஆகவே திரும்பத் திரும்ப உள்ளேயே விட்டால் டிரையரில் ஒட்டல் கூடும். ஒட்டல் அதிகமான வாரத்தில் ஒரு நாள் கூழை வெளியே எடுத்து, மில் போர்டு செய்பவர்களுக்குக் கொடுத்துவிடுவது நஷ்டமில்லை. எட்டு மணி நேரத்துக்கு மேல் மெஷின் நின்றிருந்தால் தொட்டியில் தேங்கிய கூழை மெஷினுக்கு அனுப்பாதீர்கள். கறுத்து நாறும், காகிதத்தில் புள்ளியாக வரும்.

5-க்குக் கீழே போகலாமா

நம் கணக்கு ஆலையில் மெஷின் சுற்றிலிருந்து வெளியேறும் தண்ணீர் 950-லிருந்து 350-க்கு வந்திருக்கிறது. பழைய காகிதத்திலிருந்து கரைந்து வரும் ஸ்டார்ச், உப்பு, சுண்ணாம்பு அப்படியேதான் இருக்கிறது. வெளியேறும் வழி குறுகியதால் சுற்றில் அதன் அடர்த்தி 2.7 மடங்காகிறது. குரோஃப்டா நாரைத்தான் பிரிக்கும், கரைந்ததை ஒன்றும் செய்யாது. இதை வாங்குபவர்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டிய பொறுப்பு விற்பவர்களுக்கு இருக்கிறது.

ஸ்டார்ச்சைக் கிருமி தின்று கொழுப்பு அமிலங்களாக்கும். பிஎச் இறங்கும். இறங்கினால் சுண்ணாம்பு இன்னும் கரையும், பிறகு சூடான இடத்தில் பாறையாகப் படியும். காகிதம் புளித்த நாற்றம் அடிக்கும். பெட்டி செய்பவர் ரோலைத் திருப்பி அனுப்புவார். காற்று படாத செஸ்ட் மூலைகளில் ஹைட்ரஜன் சல்ஃபைடு சேரும். இது வெறும் தரப் பிரச்சினை அல்ல. சுத்தம் செய்யச் செஸ்ட்டுக்குள் இறங்கும் ஆளை நொடியில் சாய்க்கும் வாயு அது. சுற்றை இறுக்கும் ஆலை முதலில் வாங்க வேண்டியது வாயு மீட்டர். 10 பிபிஎம் காட்டினால் யாரும் இறங்கக் கூடாது. காலி செய்து, காற்று அடித்து, மறுபடி அளந்து, கயிறு கட்டி, மேலே ஒருவர் நின்ற பிறகே இறக்க வேண்டும். உள்ளே விழுந்தவரைத் தூக்க மூச்சுக் கருவி இல்லாமல் இன்னொருவர் குதிக்கக் கூடாது.

டன்னுக்கு 5 வரை வருவதற்குச் செஸ்ட்களில் கலக்கி நிற்காமல் பார்ப்பது, மாதம் ஒரு முறை காஸ்டிக் கழுவல், கிருமிநாசினியை அட்டவணைப்படி விடுவது ஆகியவை போதும். அதற்கும் கீழே போக வேண்டுமென்றால் சுற்றின் உள்ளேயே உயிரியல் சுத்திகரிப்பு வேண்டும். ஜெர்மனியின் சூல்பிக் ஆலை 1990-களில் அப்படித்தான் செய்தது: காற்றில்லா, காற்றுள்ள இரண்டு படிகளிலும் தண்ணீரின் ஒரு பகுதியைச் சுத்தப்படுத்தி மெஷினுக்கே திருப்பியது. உடலுக்குச் சிறுநீரகம் மாதிரி. அது வேறு முதலீடு. குரோஃப்டாவை மட்டும் வைத்துக்கொண்டு முழுச் சுற்று மூடுகிறேன் என்று இறங்குவது மெஷினைக் கெடுக்கும், ஆளையும் கெடுக்கும்.

2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதை அந்தப் பக்கத்து ஆலைக்காரர்கள் கண்ணால் பார்த்தவர்கள். காகித ஆலைகளுக்கும் 2014 முதல் கழிவுநீரை நேரடியாகக் கண்காணிக்கும் மீட்டர் கட்டாயம். கழிவுநீர் நிலையத்துக்குப் போகும் தண்ணீர் பாதியாகக் குறைந்தால் அங்கே காற்று ஊதும் நேரமும் சேறும் மாறும். உப்பும், மாசைக் காட்டும் சிஓடி அளவும் ஒவ்வொரு லிட்டரிலும் ஏறும். அதற்கும் தயாராக இருங்கள்.

வேறு கருவிகள்

ஹில் ஸ்கிரீன் மலிவு, மின்சாரம் வேண்டாம், 80 மெஷ் துணியில் நீள நாரைப் பிடிக்கும். பொடியும் நிரப்பியும் அப்படியே போய்விடும், ஆகவே ஷவருக்கு ஆகாது. 30, 40 டன் ஆலை நாரை மட்டும் மீட்க இது போதும்.

டிஸ்க் ஃபில்டர் உயர்ந்த கருவி. பாலிமர் இல்லாமலே 20, 30 மில்லிகிராம் தண்ணீர் கிடைக்கும். ஆனால் துணியின்மேல் படுகை கட்ட நீள நார் கூழ் சேர்க்க வேண்டும். மூன்று, நான்கு முறை மறுசுழற்சியான நம் பெட்டி நாரில் படுகை சரியாகக் கட்டாது. வாக்குவம் கிடைக்கக் குழாய் ஏழு மீட்டர் கீழே இறங்க வேண்டும், அதற்குக் கட்டடம் வேண்டும். எழுது காகிதம், அச்சுக் காகிதம் ஓட்டும் பெரிய ஆலைகளுக்கு அதைத்தான் சொல்வோம். கிராஃப்டுக்குக் குரோஃப்டாவே.

ஆர்டரில் எழுத வேண்டியது

உத்தரவாதத்தை ஜாடியில் எடுத்த சாம்பிளுக்கு வாங்காதீர்கள். ஏப்ரல், மே மாதத்தில், பேக் வாட்டர் 45 டிகிரியில் இருக்கும்போது, உள்ளே 2,000 மில்லிகிராம், வெளியே 50, பாலிமர் கன மீட்டருக்கு 1.5 கிராமுக்குள், தொடர்ந்து 72 மணி நேரம் என்று எழுதுங்கள். சூட்டில் காற்று குறைவாகக் கரையும், ஆகவே டிசம்பரில் தேறும் கருவி மே மாதத்தில் தேறாமல் போகலாம். கடைசித் தவணைப் பணம் அந்தச் சோதனைக்குப் பிறகு. ஷவர் குழாய், பிரஷ் நாசில், இரட்டை ஸ்டிரெய்னர், பதில் வால்வின் மீட்டர் எல்லாம் அதே ஆர்டரில் வரட்டும். தனியாகப் பிறகு வாங்கலாம் என்று விட்டால் வாங்கப்படாது. உதிரியாக ஒரு செட் வண்டிச் சக்கரம், நடு சீல் இரண்டு, காற்றேற்றும் பம்பின் மெக்கானிக்கல் சீல் ஒன்று, நுண்துளைத் தகடு ஒரு செட் கையில் வேண்டும். அந்தத் தகடு இல்லாமல் நின்றால் மாற்று எதுவும் கிடையாது, தொட்டி முழுவதும் வெறும் குளம்தான்.